கழற்றுவதற்கென்றே பிறந்த உறுப்பு

எஞ்சினின் உறுப்புகளுள் பெரும்பாலானவை அதன் ஆயுள் முழுவதும் உள்ளேயே இருக்க வேண்டியவை. அடிக்கடி வெளியே எடுத்துப் பார்த்து, துடைத்து, தேய்ந்தால் மாற்றிவிட வேண்டும் என்ற எண்ணத்துடன் உருவானவை சிலவே. அவற்றுள் முதலிடம் ஸ்பார்க் பிளக்குக்கு உரியது. அத்தகைய உறுப்பு, அமெரிக்காவில் மிக அதிகமாக விற்பனையான பிக்கப் வண்டி ஒன்றில், 2004 முதல் சில ஆண்டுகள், கழற்ற முயன்றாலே இரண்டாக உடையும் பொருளாக மாறியது. உடைந்த பாதியை வெளியே எடுப்பதற்கெனத் தனி நுட்பமும் தனிக் கருவியும் தனி நூற்றொகையும் தோன்றின. இறுதியில் வழக்கும் நடந்தது. ஓர் உறுப்பின் 140 ஆண்டு வரலாறு எவ்வாறு இந்த இடத்தில் வந்து முட்டியது என்பது, பொருள்களைப் பழுதுபார்த்து வாழும் எந்தச் சமூகமும் அறிந்திருக்க வேண்டிய செய்தி.

முதலில் ஒரு தெளிவு. நம் நாட்டுச் சாலைகளில் ஓடும் லாரிகள் பெரும்பாலும் டீசலால் இயங்குபவை. டீசல் எஞ்சினில் காற்றை அழுத்தும்போது எழும் வெப்பமே எரிபொருளைப் பற்றவைக்கிறது. அங்கே ஸ்பார்க் பிளக்குக்கு வேலை இல்லை. அமெரிக்காவில் ‘டிரக்’ என்று பொதுமக்கள் சொல்வது பெரும்பாலும் பின்புறம் திறந்த தொட்டியுடைய பிக்கப் வண்டியை. தச்சரும் விவசாயியும் குழாய் வேலை செய்பவரும் ஓட்டும் அந்த வண்டிகளில் மிகப் பெரும்பாலானவை பெட்ரோல் எஞ்சின் கொண்டவை. இங்கே பேசப்படுவது அத்தகைய வண்டியைப் பற்றியே.

இந்த உறுப்பின் பெயரிலேயே ஒரு வரலாறு இருக்கிறது. பிரெஞ்சு மொழியில் இதனை ‘பூழி’ என்பர். மெழுகுவர்த்தி என்று பொருள். ஜெர்மானியர் இட்ட ‘ட்சுண்ட்கெர்ட்சே’ என்ற பெயருக்குப் பற்றவைக்கும் மெழுகுவர்த்தி என்று பொருள். ரஷ்ய மொழியிலும் மெழுகுவர்த்தியே. இம்மொழிகள் அதன் நுனியில் தோன்றும் சுடரைக் கண்டு பெயரிட்டன. ஆங்கிலம் மட்டும் ‘பிளக்’ என்றது. துளையை அடைக்கும் பொருள், செருகவும் பிடுங்கவும் கூடிய பொருள் என்பது அச்சொல்லின் கருத்து. தமிழ்ப் பாடநூல்களின் ‘தீப்பொறிச் செருகி’ அந்த ஆங்கிலப் பார்வையின் வழி வந்தது. செருகிய ஒன்றைக் கழற்றவும் முடிய வேண்டும் என்னும் வாக்குறுதி அப்பெயருக்குள் அடங்கியுள்ளது. பட்டறைக்காரரைப் பொறுத்தவரை சுடரை விட இந்த வாக்குறுதியே முக்கியம்.

1860இல் பாரிசில் எட்டியன் லெனுவார் தம் வாயு எஞ்சினுக்குக் காப்புரிமை பெற்றார். ரும்கார்ஃப் சுருளிலிருந்து வந்த மின்சாரம், பீங்கானால் காப்பிடப்பட்ட ஒரு முனை வழியாக உருளைக்குள் பொறியை எழுப்பியது. நாற்பது ஆண்டுகளுக்குப் பின், 1902இல், ராபர்ட் போஷின் பட்டறையில் பணியாற்றிய காட்லோப் ஹோனல்ட் உயர் மின்னழுத்த மேக்னெட்டோவையும் அதற்கேற்ற பிளக்கையும் உருவாக்கியபின்தான் மோட்டார் வண்டிக்கு நம்பகமான பற்றவைப்பு கிடைத்தது. அமெரிக்காவில் இத்தொழிலை வளர்த்தவர்களுள் ஒருவர் ஆல்பர்ட் சாம்பியன். 1899இல் பாரிஸ்–ரூபே மிதிவண்டிப் பந்தயத்தை வென்ற பிரெஞ்சுக்காரர் இவர். பாஸ்டனில் தம் பெயரால் ஒரு நிறுவனம் தொடங்கினார். கூட்டாளிகளிடமிருந்து பிரிந்து மிச்சிகனின் ஃபிளின்ட் நகரில் இன்னொன்றைத் தொடங்கினார். அவருடைய முன்னெழுத்துகளால் அமைந்த ‘ஏ.சி.’ என்ற பெயரும், பழைய கூட்டாளிகளிடம் தங்கிய ‘சாம்பியன்’ என்ற பெயரும் பிளக் சந்தையில் நெடுங்காலம் எதிரெதிரே நின்றன.

அக்காலப் பிளக்கின் அமைப்பைப் பார்த்தால், கழற்றுதல் எவ்வளவு இயல்பான செயலாகக் கருதப்பட்டது என்பது விளங்கும். ஃபோர்டின் டி மாடலில் பொருத்தப்பட்ட ‘சாம்பியன் எக்ஸ்’ பிளக்கை எஞ்சினிலிருந்து எடுப்பது மட்டுமன்றி, அந்தப் பிளக்கையே பிரித்துப் பீங்கானைத் தனியே எடுத்துத் துடைக்கலாம். உடைந்த பீங்கானுக்குப் பதில் வேறொன்றை இட்டு மீண்டும் பூட்டலாம். வண்டியோட்டி கையழுக்குடன் செய்யக்கூடிய வேலை அது.

பிற்காலத்தில் பிளக் பிரிக்க முடியாத ஒற்றைப் பொருளாயிற்று. பீங்கானின் இடத்தை 1930களிலிருந்து அலுமினியம் ஆக்சைடு பிடித்தது. ஆயினும் பட்டறைகளில் அதன் பெயர் இன்றும் பீங்கான்தான். நிறுவனங்களின் ஆவணங்களே அவ்வாறுதான் எழுதுகின்றன. பிளக்கைப் பிரிப்பது நின்றாலும் கழற்றுவது நிற்கவில்லை. பெட்ரோல் நிலையங்களில் மணலை வீசிப் பிளக்கின் நுனியைத் துப்புரவாக்கும் சிறு இயந்திரங்கள் இருந்தன. ஏறத்தாழ 10,000 மைல் ஓடியதும் புதியதை இடுவது பொது வழக்கமாயிருந்தது.

கழற்றுவது வெறும் துப்புரவு அன்று. நோய் அறிதலும் ஆகும். நுனி இளம்பழுப்பாயிருந்தால் எஞ்சின் நலம். கரி அப்பியிருந்தால் பெட்ரோல் மிகுதி. ஈரப் பிசுக்கு இருந்தால் எண்ணெய் உள்ளே கசிகிறது. வெளுத்துக் கொப்புளித்திருந்தால் வெப்பம் மிகுதி. மருத்துவர் நாக்கை நீட்டச் சொல்வது போல மெக்கானிக் முதலில் பிளக்கைக் கழற்றிப் பார்ப்பார். இந்தியாவில் இவ்வழக்கம் இருசக்கர வண்டிகளில் நெடுங்காலம் நிலைத்தது. இரு வீச்சு ஸ்கூட்டர் வைத்திருந்த குடும்பங்களில் பிளக் ஸ்பானரும் ஒரு மாற்று பிளக்கும் வண்டியோடு வரும் சொத்துகள். வழியில் நின்ற வண்டியின் பிளக்கைக் கழற்றி, உப்புத்தாளில் தேய்த்து, ஊதிவிட்டுப் பூட்டிய தலைமுறைக்கு ‘மைக்கோ பிளக்’ வீட்டுச் சொல்லாகவே இருந்தது.

இவ்வழக்கத்தை மாற்றியவை இரண்டு. ஒன்று ஈயத்தின் வெளியேற்றம். 1921இல் ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வகத்தில் தாமஸ் மிட்ஜ்லி கண்டறிந்த டெட்ராஎத்தில் ஈயம் எஞ்சினின் தட்டொலியை அடக்கியது. கூடவே பிளக்கின் மீது படிந்து அதைக் கெடுத்தது. வினையூக்க மாற்றிகள் வந்தபோது ஈயமில்லாப் பெட்ரோல் கட்டாயமாயிற்று. சாலை வண்டிகளுக்கான ஈயப் பெட்ரோல் அமெரிக்காவில் 1996இலும் இந்தியாவில் 2000த்திலும் முடிவுக்கு வந்தது. மற்றொன்று பிளாட்டினம் நுனி. எளிதில் தேயாத அந்த நுனியுடன் மின்னணுப் பற்றவைப்பும், எரிபொருளை அளந்து தெளிக்கும் முறையும் சேர்ந்துகொண்டன. 1990களில் அமெரிக்க நிறுவனங்கள் ஒரு லட்சம் மைல், அதாவது ஏறத்தாழ 1,60,000 கிலோமீட்டர் வரை பிளக்கைத் தொட வேண்டியதில்லை என்று விளம்பரம் செய்தன.

வாங்குவோருக்கு இது நன்மை. ஆனால் இதற்குள் ஒரு கணக்கு மறைந்துபோயிற்று. 10,000 மைலுக்கு ஒருமுறை கழன்று வரும் உறுப்பு இறுகிப்போவதற்கு அவகாசம் இல்லை. ஒரு லட்சம் மைல் அசையாமல் இருக்கும் உறுப்போ ஆயிரக்கணக்கான முறை சூடேறி ஆறுகிறது. எஃகுப் பிளக்கும் அலுமினியத் தலையும் வெவ்வேறு அளவில் விரிந்து சுருங்குகின்றன. இடைவெளிகளில் கரி புகுந்து கல்லாகிறது. பிளக் நீண்ட நாள் உழைக்கும் என்பதைச் சோதித்து உறுதிசெய்தவர்கள் உண்டு. அத்தனை காலத்துக்குப் பின் அது எவ்வாறு வெளியே வரும் என்ற கேள்விக்கோ, வண்டி விற்றுப் பல ஆண்டுகள் கழிந்தபின் எங்கோ ஒரு பட்டறையில்தான் விடை தெரிந்தது.

ஃபோர்டின் ‘மாடுலர்’ எஞ்சின் குடும்பம் 1991 மாதிரி ஆண்டில் லிங்கன் டவுன் காரில் அறிமுகமானது. 1997 முதல் டிரக்குகளுக்கான அதன் வடிவங்கள் ‘டிரைட்டன்’ என்ற பெயரில் விற்கப்பட்டன. இவற்றில் உருளைக்கு இரண்டு வால்வு கொண்ட எஞ்சின்களுக்கு ஒரு கெட்ட பெயர் உண்டு. அலுமினியத் தலையில் பிளக்கைப் பிடிக்கும் மரை மிகச் சில சுற்றுகளே இருந்தது. அது தேய்ந்ததும், ஓடிக்கொண்டிருக்கும்போதே பிளக் வெடியோசையுடன் வெளியே பாய்ந்த நிகழ்வுகள் பல. மரை போன துளையை அகலமாக வெட்டி, உள்ளே புதிய மரைக்குழல் பதித்துச் சரிசெய்வது பட்டறைகளின் வழக்கமான வேலையாயிற்று.

2004இல் புதிய எஃப்-150 வண்டியுடன் 5.4 லிட்டர் மூன்று வால்வு எஞ்சின் வந்தது. 1977 முதல் அமெரிக்காவில் மிக அதிகமாக விற்கும் பிக்கப் வரிசை எஃப் வரிசை. ஆகவே அதன் எஞ்சினில் நேரும் எந்தக் குறையும் சிறு குறை அன்று. உருளைக்கு இரண்டு உள்வால்வும் ஒரு வெளிவால்வும், திறக்கும் நேரத்தை மாற்றிக்கொள்ளும் கேம் அமைப்பும், 300 குதிரைத்திறனும் கொண்ட எஞ்சின் அது. மூன்று வால்வுகளுக்கு இடையே பிளக்குக்குக் கிடைத்த இடம் குறுகலானது. அதற்கேற்ப, மரைக்குக் கீழே நீண்டு இறங்கும் மெல்லிய எஃகுக் குழலோடு கூடிய புதுவகைப் பிளக் வடிவமைக்கப்பட்டது. அக்குழலின் அடியில்தான் தரை மின்முனை இருந்தது.

குறை இரண்டு இடங்களில் ஒளிந்திருந்தது. குழலுக்கும் தலையில் உள்ள துளைக்கும் இடையே மெல்லிய வளைய இடைவெளி இருந்தது. எரிந்த வாயுவின் கரி அதில் ஏறிப் படிந்து இறுகியது. அடுத்து, அக்குழல் பிளக்கின் மேலுடலோடு ஒரே வார்ப்பாக இல்லை. தனியாகச் செய்து இணைக்கப்பட்டிருந்தது. மெக்கானிக் மேலே உள்ள அறுகோணத்தைத் திருப்பும்போது மரை இளகும். கரியில் சிக்கிய குழலோ அசையாது. முறுக்கு முழுதும் இணைப்பின் மீது விழ, அது விட்டுவிடும். மேல்பாதி கையோடு வந்துவிடும். குழல் ஆழத்தில் தங்கிவிடும். சில நேரம் பீங்கானும் அதனுள் முறிந்து நிற்கும். ஒரே குடும்பத்தைச் சேர்ந்த எஞ்சின்களில், முன்னதில் பிளக் தானே வெளியே பாய்ந்தது. பின்னதில் இழுத்தாலும் வர மறுத்தது.

ஃபோர்டு நிறுவனம் இதற்கென டீலர் பட்டறைகளுக்குத் தொழில்நுட்பச் சுற்றறிக்கைகளை வெளியிட்டுத் திருத்திக்கொண்டே வந்தது. 2008இல் வந்த சுற்றறிக்கை பரவலாக அறியப்பட்டது. அதன் நடைமுறை பொறுமையின் பாடம் எனத் தகும். எஞ்சின் அறை வெப்பநிலைக்கு ஆறியிருக்க வேண்டும்; வெதுவெதுப்பாக இருந்தாலும் தொடக் கூடாது. பிளக்கின் மேல் அமர்ந்த மின்சுருளைக் கழற்றி, கிணறு போன்ற துளையைக் காற்றால் ஊதித் துப்புரவாக்க வேண்டும். காற்றழுத்தக் கருவிகளைப் பயன்படுத்தக் கூடாது. கை ரெஞ்சு மட்டுமே. முதலில் பிளக்கை அரைக்கால் சுற்று, மிஞ்சினால் கால் சுற்று மட்டும் இளக்க வேண்டும். பிறகு காற்புரேட்டர் துப்புரவுத் திரவத்தை ஏறத்தாழ அரைத் தேக்கரண்டி அளவு துளைக்குள் விட்டுக் குறைந்தது 15 நிமிடம் காத்திருக்க வேண்டும். காற்புரேட்டர் என்ற உறுப்பே இல்லாத எஞ்சினைக் காக்க அதன் திரவம் தேவைப்பட்டது என்பது கவனிக்கத்தக்கது.

அதன்பின் பிளக்கை இறுக்குவதும் இளக்குவதுமாக, அரைக்கால் கால் சுற்றுகளாக, முன்னும் பின்னும் அசைக்க வேண்டும். மரை வழியே இறங்கிய திரவம் குழலைச் சுற்றிய கரியை நனைத்துத் தளர்த்துவதற்கே இந்த அசைவு. எதிர்ப்பு மிகுந்தால் மீண்டும் திரவம், மீண்டும் காத்திருப்பு. திரவத்தை மிகுதியாக விடுவதும் ஆபத்து. உருளைக்குள் தேங்கிய நீர்மத்தை பிஸ்டனால் அழுத்த முடியாது. அந்நிலையில் எஞ்சினைச் சுழற்றினால் இணைப்புத் தண்டு வளையும். எட்டு பிளக்குகளுக்கும் இதே முறை. இவ்வளவு செய்தும் உடைந்தால் என்ன செய்வது என்பதற்குச் சுற்றறிக்கையில் தனிப் பகுதி இருந்தது.

உடைந்த பாதியை எடுப்பது இரு வகை. பீங்கான் வெளியே வந்து குழல் மட்டும் தங்கியிருந்தால், குழலின் உட்சுவரில் 9 மில்லிமீட்டர் மரை வெட்டி, அதில் இழுப்பானைத் திருகிப் பூட்டி, மேலிருக்கும் நட்டை இறுக்கி இறுக்கிக் குழலை மேலே இழுக்க வேண்டும். பீங்கானும் உள்ளே முறிந்திருந்தால் மரை வெட்ட இடமிருக்காது. முதலில் அந்தப் பீங்கானைச் சற்றுக் கீழே தள்ளி இடம் உண்டாக்க வேண்டும். மரை வெட்டும்போது விழும் இரும்புத் துகள் உருளைக்குள் போனால் அதன் சுவரைக் கீறிவிடும். அதைத் தடுக்கக் குழலுக்குள் கிரீஸ் அடைத்து, துகள்கள் அதில் ஒட்டிக்கொள்ளச் செய்வது வழக்கம். இதுவும் பலிக்காவிட்டால் சிலிண்டர் தலையையே இறக்குவதுதான் கடைசி வழி. அது நாள்கணக்கில் ஆகும் வேலை. புதிய பிளக்கைப் பூட்டும்போது அதன் குழலின் மீது நிக்கல் கலந்த ஒட்டா மசகு பூசுமாறும் சுற்றறிக்கை சொன்னது. அடுத்து கழற்றப்போகும் மனிதரை நினைத்து எழுதப்பட்ட வரி அது. வடிவமைப்பின்போதே எழுதப்பட்டிருக்க வேண்டியதும் அதுவே.

கருவி செய்வோரும் இத்துறையில் இறங்கினர். அயோவா மாநிலத்தின் கிளாரிண்டா என்ற சிற்றூரில் இயங்கும் லைல் நிறுவனம், பீங்கானைத் தள்ளும் தண்டும் குழலை இழுக்கும் திருகும் கொண்ட சிறு தொகுதியை விற்றது. இந்தக் குறிப்பிட்ட பிளக்குக்காகவே செய்யப்பட்ட கருவி அது. சாம்பியன் நிறுவனம் உடல் முழுதும் ஒரே துண்டாகிய மாற்றுப் பிளக்கைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. பட்டறைகளுக்குள் கருத்து வேறுபாடுகளும் எழுந்தன. இரவெல்லாம் எண்ணெயில் ஊறவிட வேண்டும் என்றனர் சிலர். சுற்றறிக்கைக்கு நேர்மாறாக, எஞ்சின் சூடாக இருக்கும்போதுதான் உடையாமல் வருகிறது என்று வாதிட்டோரும் உண்டு. பல நூறு பிளக்குகளைக் கழற்றிய கைகளின் அனுபவம் ஒரே முடிவுக்கு வரவில்லை. ஆனால் அந்த அனுபவம் முழுதும் பட்டறைத் தளத்தில், பிறர் வண்டிகளின் மீது, அவரவர் நேரத்தைச் செலவிட்டுச் சேர்த்தது.

நேரம் என்பது இங்கே வெறும் சொல் அன்று. அமெரிக்கப் பட்டறைகள் பலவற்றில் மெக்கானிக்குக்குக் கடிகாரப்படி ஊதியம் கிடையாது. ஒரு வேலைக்கு இத்தனை மணி என்று பட்டியலில் அச்சிட்ட அளவுக்கே கூலி. பட்டியலைவிட விரைவாக முடித்தால் ஆதாயம். ஒரு பிளக் உடைந்து அரைநாள் போனால், அந்தக் கூடுதல் நேரத்துக்கு யாரேனும் ஒப்புதல் தராத வரை இழப்பு அவருடையது. ஆகவே பல பட்டறைகள், உடைந்தால் கூடுதல் கட்டணம் என்று முன்கூட்டியே சொல்லி வண்டியை வாங்கின. சில, அவ்வேலையே வேண்டாமென்று திருப்பி அனுப்பின.

வண்டியின் உரிமையாளருக்கோ வேறொரு கணக்கு. 2004 வண்டிக்கு நிறுவனம் தந்த பொது உத்தரவாதம் மூன்று ஆண்டு அல்லது 36,000 மைல். 2007 முதல் எஞ்சின் உள்ளிட்ட ஓட்டத் தொகுதிக்கு அது 60,000 மைலாக உயர்ந்தது. பிளக் மாற்ற வேண்டிய நாளோ ஒரு லட்சம் மைலில். குறை உத்தரவாதக் காலம் முழுதும் உறங்கிக் கிடந்து, அது முடிந்தபின், பெரும்பாலும் இரண்டாவது அல்லது மூன்றாவது உரிமையாளரின் கையில் கண் விழித்தது. புதிய வண்டி வாங்கியவருக்குப் பராமரிப்புச் செலவு குறைந்தது. பழைய வண்டி வாங்கும் வசதி மட்டுமே உடையவர் அச்செலவைச் சேர்த்துக் கட்டினார்.

2007இன் இறுதிப் பகுதியில் ஃபோர்டு சிலிண்டர் தலையை மாற்றியமைத்து, வழக்கமான வடிவுடைய பிளக்குக்கு வந்தது. உடைவது நின்றது. அதற்குமுன் செய்யப்பட்ட வண்டிகளின் உரிமையாளர்கள் தொடுத்த வழக்குகள் 2012இல் ஒஹாயோ மாநிலத்தின் வடக்கு மாவட்டக் கூட்டாட்சி நீதிமன்றத்தில் ஒன்றாகத் தொகுக்கப்பட்டு உடன்பாட்டில் முடிந்தன. 2011 மாதிரி ஆண்டில் எஃப்-150இல் இந்த எஞ்சினின் இடத்தைப் புதிய எஞ்சின்கள் பிடித்தன. பழைய வண்டிகள் பல இன்றும் ஓடுகின்றன. அவற்றின் பிளக்குகளை இன்றும் யாரோ ஒருவர் அரைக்கால் சுற்று, கால் சுற்றாக இளக்கிக்கொண்டிருக்கிறார்.

தொழில்நுட்ப வரலாறு பெரும்பாலும் கண்டுபிடித்தவரின் பெயரால் எழுதப்படுகிறது. லெனுவார், ஹோனல்ட், சாம்பியன் ஆகியோரின் பெயர்கள் நூல்களில் உள்ளன. உடைந்த குழலுக்குள் கிரீஸை அடைத்தால் துகள் ஒட்டிக்கொள்ளும் என்று முதலில் கண்டவரின் பெயர் எந்த நூலிலும் இல்லை. ஆனால் ஒரு பொருள் பத்தாண்டு கழித்தும் பயன்படுகிறதா, குப்பைக்குப் போகிறதா என்பதை முடிவு செய்வது இந்த இரண்டாம் வகை அறிவே. பேட்டரியை ஒட்டிவைத்த கைபேசிகளும், திருகே தெரியாமல் மூடிய வீட்டுச் சாதனங்களும் நிறைந்த இக்காலத்தில், பழுதுபார்க்கும் உரிமை குறித்துப் பல நாடுகள் சட்டம் இயற்றி வருகின்றன. அவ்விவாதம் பெரும்பாலும் உதிரிபாகம் கிடைக்குமா, கையேடு கிடைக்குமா என்ற அளவில் நிற்கிறது. இந்தப் பிளக்கின் கதையில் உதிரிபாகம் கிடைத்தது, கையேடும் கிடைத்தது. பழையது வெளியே வரவில்லை. ஆகவே புதிய பொருள் ஒன்றைச் சோதிப்பவர், அது எத்தனை ஆண்டு உழைக்கும் என்று அளந்த பின், அத்தனை ஆண்டு கிடந்ததை ஒருமுறை கழற்றியும் பார்க்க வேண்டும். அந்தச் சோதனையைச் செய்யாமல் விட்டால், அதைப் பிற்காலத்தில் ஒரு மெக்கானிக் தம் கூலியிலும் ஓர் ஏழை உரிமையாளர் தம் பையிலும் செய்து முடிக்க நேரும்.